கதவு வைக்காத குளியலறை

1.
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு பொய் சொல்லத் துப்பில்லாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன். பொய்யே பிழைப்பான நாவலாசிரியனுக்கு இது எப்பேர்ப்பட்ட அசிங்கம், பாருங்கள்.

முதலில், 'கொட்டச்சேட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பனிக்குள் ஒளியப் பார்க்கிறேன், வேறென்ன.

2.
நான் கட்டடக்கலை படித்தவன். தத்துவக் கிறுக்கும் உண்டு. கொட்டச்சேட்டில் எஸ்டேட் ஆட்களுக்கு ஆறு வீடுகள் வரைந்து கொடுத்தபோது, குளியலறைக்குக் கதவு வைக்கவில்லை.

"ஏனுங்க சார், குளிக்கிற எடத்துக்குக் கதவு வேணுங்களே?" என்றார் காப்பி பறிக்கும் ஆரோக்கியசெல்வி.

"கதவுங்கிறது மனசுல இருக்கிற பயம்மா" என்றேன். (சிரிக்காதீர்கள். அன்று மனதாரச் சொன்னேன்.)

அவர் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகொரு நாள், வீடுகளில் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்கப் போனேன். மேட்டில் நின்றபோது, காற்றில் அந்தச் சேலை [இதை முடிக்க முடியவில்லை.] அவரைப் பார்த்தேன். திரும்பிக்கொள்ளவில்லை. என் நாவலில் அது மூன்று பக்கம். ஊர்ப்பெயர், அவர் வீட்டு நீலச் சுவர், எல்லாம் அப்படியே.

3.
'கண்ணால் காணாத ஒரு வரிகூட நான் எழுதியதில்லை' என்று பேட்டிகளில் பீற்றிக்கொண்டேன். நாவல் கல்லூரிப் பாடமானது. அந்த வகுப்பில் ஆரோக்கியசெல்வியின் மகள் இன்பமேரி* இருந்தாள். "உங்க ஊட்டுல இன்னும் சேலைதானா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவள் கல்லூரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஆரோக்கியசெல்வி பஸ் ஏறி, சேலத்தில் என் வீட்டுக்கு வந்தார்.

"காலேஜுல பேச உங்களக் கூப்பிட்டிருக்காங்களாமாங்க. அதெல்லாம் கற்பனைன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க சார். எம்புள்ள தல நிமுந்து படிக்கோணும். உங்களுக்கு அது நொம்பப் பெரிய வேலைங்களா?"

"சொல்றேம்மா" என்றேன்.

* பெயர்களை மாற்றிவிட்டேன். இந்தத் தடவையாவது.

4.
முடிவு ஒன்று: மேடையில் சொல்லிவிட்டேன். (புளுகு.)

முடிவு இரண்டு: தொண்டை கட்டிக்கொண்டது. (அதுவும் புளுகு. கதவில்லாத வெட்டவெளியின் தத்துவத்தைப் பற்றி நாற்பது நிமிடம் வெளுத்து வாங்கினேன்.)

நடந்தது இதுதான். என்னை நம்பி இன்பமேரி வந்திருந்தாள். முதல் வரிசை. 'கற்பனை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என் பேர் என்ன ஆகும் என்று தோன்றியது, விழுங்கிவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா.

கேள்வி நேரத்தில் அவள் கை தூக்கினாள். என்னைத்தான் பார்த்தாள்.

"நேரமாயிடுச்சு" என்று மைக்கை வைத்துவிட்டேன்.

அவள் என்ன கேட்க இருந்தாளோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் அந்தக் கையை இறக்க வைத்துவிடுவேன்.