தேளின் வால்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதனாலேயே இரண்டு இடங்களில் வேலை போயிற்று. மூன்றாவது இடம் இந்த அருங்காட்சியகம். வரைபடப் பிரிவுக்கு அக்காதான் தலைமை. தம்பியின் கைக்கு நான் பொறுப்பு என்று மேலிடத்தில் எழுதிக் கொடுத்து என்னைச் சேர்த்துவிட்டாள். இதையும் கெடுத்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

என் மேஜைக்கு வந்தது முந்நூறு வருஷத்து வான வரைபடம். அச்சிட்ட தாள், நட்சத்திரங்களுக்கு மட்டும் கையால் மஞ்சள் பூசியிருந்தார்கள். கீழ் மூலையைப் பூச்சி தின்றதில் விருச்சிக ராசித் தேளின் வால் போய்விட்டது. அங்கே புதுத் தாளை ஒட்டி வாலை வரைய வேண்டும். பழைய தாளில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் விதியே அதுதான்.

வானத்தின் புகைப்படம் ஒன்றைப் பார்த்து வாலை வரைந்தேன். மிச்சமிருந்த உடம்போடு அது ஒட்டவே இல்லை. அந்தக் காலத்து ஆளுக்கு வரையத் தெரியவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பழைய தாளின் மேலேயே, தேளின் நெஞ்சு வரை மையை இழுத்து, வாலை உடம்போடு சேர்த்துவிட்டேன். திமிர், வேறென்ன.

மறுநாள் காலை, காட்சிக்கு வைக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, அதே வரைபடத்தில் சிம்ம ராசியின் சிங்கம் கண்ணில் பட்டது. புகைப்படத்தில் வலப்பக்கம் பார்க்கும் சிங்கம், இதில் இடப்பக்கம் பார்த்தது. இது தரையில் நின்று அண்ணாந்து பார்த்த வானம் இல்லை. வானத்துக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் வரைந்தது; இடமும் வலமும் மாறித்தான் இருக்கும். வேலைக்கு வந்த முதல் வாரமே படித்த விஷயம். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஈரப் பஞ்சால் மையைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தேன். பஞ்சு மஞ்சளானது. தேளின் நெஞ்சிலிருந்த பெரிய நட்சத்திரம் ஊறிய தாளோடு பிய்ந்து என் விரலோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் ஓட்டை.

அக்கா உள்ளே வந்தாள். பூச்சியின் மேல் பழியைப் போட்டுவிடலாமென்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வேலை தொடங்குமுன் வரைபடத்தை அவளே எடுத்த புகைப்படம் இருக்கிறதே, அதில் நட்சத்திரம் முழுசாக இருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். உட்கார்ந்து சேத அறிக்கையை எழுதி, செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

“அக்கா, செஞ்சது நான். என் பேரை எழுது.”

“உன் பேரை எழுதினா எந்த ஊர்லயும் உன்னை மேஜைப் பக்கம் விடமாட்டாங்க.” பேனாவை மூடினாள். “வேற யாராவது உனக்கு வேலை குடுக்கட்டும். என்கிட்ட இனிமே வராதே.”

வேலைக்கு மட்டுமா, வீட்டுக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.