ஆள் இல்லாத மிஷின்

"முதல்ல ஒண்ணு சொல்லுங்கக்கா. ராத்திரி இதை யாரு அணைக்கிறது?"

கம்ப்யூட்டர் மெக்கானிக் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். ஹாலில் வீட்டார் நாலு பேரும் இருந்தார்கள். மாமியார் மடித்த துண்டையே மறுபடி மடித்தார். கணவன் செல்போனைப் பார்த்தான். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"ஏழரைக்கு வேலை முடிஞ்சதும் நானே ஷட்டவுன் கொடுத்துடுவேன்," என்றாள் மருமகள்.

"உடனே அணைஞ்சிடுதா?"

"இல்ல. அப்டேட் ஆகுது, அணைக்காதேன்னு எழுத்து வரும். அதை அப்படியே விட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுவேன்."

"அப்புறம்?"

"அவ எழுந்து போனதும் நான் ஸ்விட்சை அணைப்பேன்," என்றது செய்தித்தாள். "ஆள் இல்லாத மிஷின் ஓடக் கூடாது."

மெக்கானிக் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"ஐயா, இந்தப் பெட்டி தினமும் ராத்திரி மூட்டை ஏத்துது. பாதி ஏத்தும்போது நீங்க வண்டியைக் கவுத்துடறீங்க. காலையில ஏத்தினதையெல்லாம் இறக்கி வெச்சிட்டுத்தான் அது எழுந்திருக்குது. அதுக்குத்தான் நாப்பது நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. காலை ஒன்பதுக்குள் கம்பெனித் தளத்தில் தன் ஐடியைப் போட்டு உள்ளே நுழைந்தாக வேண்டும். இந்த மாதம் இரண்டு முறை தாமதம். "மூணாவது தடவைன்னா உங்க ஐடியை மூடிடுவோம், சொல்லிட்டேன்," என்று சூப்பர்வைசர் அம்மாள் போனிலேயே சொல்லியாகிவிட்டது. ஏழு மணிக்கே பெட்டியைப் போட்டுவிட்டுச் சமைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. போட்டவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் மாமனார் அணைத்துவிடுவார். ஆகவே எட்டேகாலுக்குத்தான் போடுவாள், போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள்.

"அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று மெக்கானிக்கை வழியனுப்பப் போன கணவனிடம் வாசலில் கேட்டாள்.

"நானா? நல்லா இருக்கே! மெயின் ஸ்விட்ச்கிட்ட யாரு கை வைக்கிறது?"

வீட்டில் மாமனாருக்கு அதுதான் பெயர், அவர் காதில் விழாதவரை. முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் ஃபோர்மேன். ஒரு முறை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை விட்டு ஒருவன் பீடி பிடிக்கப் போனான். பஞ்சில் பற்றிய தீ இரண்டு பேரைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து கடைசியாக வெளியே வருபவர் அவர்தான், ஸ்விட்சை இறக்குபவரும் அவர்தான். ஓய்வு பெற்றபோது மில் அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது.

"ஒரு நாள் அந்த அப்டேட்டை முழுசா முடிக்க விடுங்க. அஞ்சு மணி நேரம். பழைய டிஸ்க், அவ்வளவு எடுக்கும்," என்று மெக்கானிக் செருப்பை மாட்டினார். "நடுவுல கரண்ட் மட்டும் போகக் கூடாது. இந்தத் தடவை கவுந்துச்சுன்னா அது எழுந்திருக்கவே எழுந்திருக்காதுக்கா. அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்கு அவள் அப்டேட்டைத் தொடங்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மேசை. உட்கார்ந்தால் ஒரு முழங்கை பீரோவில் இடிக்கும், மறுமுழங்கை சுவரில் இடிக்கும். ஸ்விட்ச் போர்டு அவள் முதுகுக்குப் பின்னால். அதற்குப் பக்கத்தில் மாமனாரின் சாய்வு நாற்காலி.

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி வரைக்கும் மாமா."

"நீ எழுந்தா அணைப்பேன்."

"எழுந்திருக்க மாட்டேன் மாமா."

ஏழு சதவீதம். பன்னிரண்டு. வட்டம் சுற்றியது.

"ஞாயித்துக்கிழமையுமா?" மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார். "அதுதான் தானா சுத்துதே, நீ என்னத்துக்கு அதுக்குக் காவல்?"

"நான் எழுந்தா மாமா அணைச்சிடுவார் அத்தை."

"அவர் அணைப்பார், நீ உக்காருவே. நடுவுல நான் ஒருத்தி காய் நறுக்கறேன்."

"இங்க கொண்டு வாங்க அத்தை, உக்காந்துக்கிட்டே நறுக்கறேன்."

காய் வந்தது. பிறகு உரிக்கப் பூண்டு வந்தது. அதன்பின் பொத்தான் தைக்கச் சட்டை வந்தது. உட்கார்ந்திருப்பவளின் மடி காலியாக இருப்பதை அந்த வீடு பொறுத்துக்கொள்ளாது. கணவன் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"வேண்டாம், எடுத்துட்டுப் போங்க."

"ஏன்?"

"குடிச்சா எழுந்திருக்கணும்."

எழுபத்தொரு சதவீதத்தில், குடிக்காமலேயே எழுந்திருக்க வேண்டி வந்தது. தொடையை இறுக்கிக்கொண்டு எழுபத்து மூன்று வரை பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை.

"என்னங்க, ரெண்டு நிமிஷம் இங்க உக்காருங்க. எதையும் தொட வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்."

"சும்மா உக்கார எனக்கா சொல்லித் தரணும்? போ, போ."

அவள் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்ததும் வாசலில் கணவனின் குரல் கேட்டது. யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். ஹாலில் சிக்னல் கிடைக்கவில்லையாம்.

ஹாலில் நாற்காலி காலி. மாமனார் எழுந்து நின்றிருந்தார். விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது.

"மாமா!"

அவர் திரும்பவில்லை. "ஆள் இல்ல."

"நான் இருக்கேன் மாமா."

"இப்ப இருக்கே."

"ரெண்டு நிமிஷம்தான். உங்க பிள்ளையை உக்கார வெச்சிட்டுத்தான் போனேன்."

"அவனும் இதையேதான் சொன்னான். ரெண்டு நிமிஷம்தான் சார்னு." எந்த அவன் என்று அவள் கேட்கவில்லை. பீடி பிடிக்கப் போனவன்தான்.

"அதை அணைச்சீங்கன்னா நாளைக்கு எனக்கு வேலை இல்ல மாமா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "பஞ்சு எரியல. நான்தான் எரிஞ்சிட்டிருக்கேன்."

ஈரக் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. அவர் அந்தச் சொட்டுகளைப் பார்த்தார். விரலை எடுத்தார், கை மட்டும் போர்டுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஊன்றியிருந்தது.

"உக்காரு," என்றார்.

உட்கார்ந்தாள். மூன்றேகால் ஆயிற்று. நூறு வந்தபோது அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் பெட்டியைப் போட்டாள். கையைக் கட்டிக்கொள்வதற்குள் திரை வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே நுழைந்தாள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஐடி பிழைத்தது.

உடனே சூப்பர்வைசர் அம்மாளிடமிருந்து செய்தி: 'அட, சீக்கிரமே வந்தாச்சா! அப்போ இனி எட்டரைக்கே ஆரம்பிக்கலாமே?'

அதை அவள் படித்து முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல், "என்னம்மா, அதுக்குள்ள வந்துடுச்சா? அப்போ இனிமே அந்த நேரத்துல துணி ஊறப் போட்டு அலசிடலாம், மாடிப்படியையும் பெருக்கிடலாம்."

அவள் திரையைப் பார்த்தாள். அந்த நாற்பது நிமிடம் தன்னுடையது என்று இதுவரை அவளுக்கே தெரியாது. வேலை நாளில் பெட்டி சுற்றிக்கொண்டிருந்தபோது, அதுவும் வேலைதான் என்று நினைத்து, யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை. ஆண்டுக் கணக்கில் காலையில் அவள் சும்மா உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். அதை அவளே காசு கொடுத்து மெக்கானிக்கை வரவழைத்துச் சரிசெய்திருக்கிறாள்.

"இன்னும் வரல அத்தை," என்றாள். ஒன்றும் ஓடாத ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

பின்னால் சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி, அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

"வந்துடுச்சுல்ல?" என்றார் மெதுவாக.

"வந்துடுச்சு மாமா."

"அப்புறம் ஏன் வரலன்னு சொன்னே?"

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அடுப்படியில் பாத்திரம் உருண்டது. அவர் பச்சைப் புள்ளியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு?"

"தெரியல மாமா."