அத்தானின் தோளும் நாக்கும்

1

இந்தக் கதை அத்தான் என்னைத் திட்டியதில் பிறந்தது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். மீன் சந்தையில் ஏலம் விடுபவர். பார்க்கின்சன் நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

காற்றில் ஆடும் இலைபோல அவர் விரல்கள்...

படித்துவிட்டு அத்தான் எரிந்து விழுந்தார். "இலையாவது கிளையாவது! ஊரே நடுக்கத்தைத்தான் பார்க்குது. தோள்ல உயிர் போகுதுடா எனக்கு. அது எங்க உன் கதையில?"

(நடுக்கத்துக்கு உவமை கொட்டிக் கிடக்கிறது, வலிக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. என் கஷ்டம் யாருக்குப் புரிகிறது?)

2

மாத்திரைக்கு எதுவும் சரியாக அடங்கவில்லை. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி பொருத்தினார்கள். டாக்டர் கருவியை முடுக்கியதும் கை நடுக்கம் நின்றது. அக்கா அழுதாள். டாக்டரின் மாணவர்கள் கைதட்டினார்கள். நான் போனில் படம் பிடித்தேன்.

"தோள் இன்னும் வலிக்குதே டாக்டர்," என்றார் அத்தான்.

விருந்தில் உப்பில்லை என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

3

(இங்கே டாக்டரை வில்லனாக்கப் பார்த்தேன். கல்நெஞ்சுக்காரரான அவர்... இல்லை, மனிதர் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்போ அதிகமா வலிக்குது?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்.)

"மாத்திரை வேகம் குறையும்போது."

டாக்டர் மாத்திரை நேரங்களை மாற்றினார். அடுத்தடுத்த வாரங்களில் கருவியின் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒருநாள் அத்தான் தோளைச் சுழற்றினார். வலி இல்லை! சந்தோஷத்தில் டாக்டரின் நாற்காலியையே ஏலம் விட ஆரம்பித்தார்.

"ஒயு தயம்... யெண்டு தயம்..."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"கரண்ட்டைக் கூட்டினா பேச்சு கொஞ்சம் குழறும்," என்றார் டாக்டர். "பழைய அளவு, கூட்டின அளவு ரெண்டையும் ரிமோட்ல வச்சுத் தர்றேன். எது வேணுமோ அதை நீங்களே போட்டுக்குங்க."

4

முடிவு ஒன்று: வலியைப் பொறுத்துக்கொண்டு ஏலம் விடுகிறார். தியாகம், கண்ணீர், பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.

முடிவு இரண்டு: சந்தையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார். அக்காவுக்கும் நிம்மதி. (அக்காவின் ஆட்சேபணை: "நாக்கு குழறினா அப்புறம் நான் யாரோட சண்டை போடறது?")

அத்தான் இரண்டு தாளையும் கசக்கினார். "தோளும் என்னுது, நாக்கும் என்னுது. முடிச்சு வைக்க நீ யாரு?"

அதனால் முடிக்கவில்லை. காலையில் தோளைப் பிடித்துக்கொண்டே சந்தை அதிரக் கத்துகிறார். வீடு திரும்பியதும் ரிமோட்டைத் தட்டிவிட்டு வலியில்லாமல் படுக்கிறார். மிச்சத்தை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குமேல் போனால் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.