அக்கா தெருவின் பச்சை

காட்டுத்தீ ஆபத்தை மதிப்பிடும் அந்தப் பிரிவில் ஏசி ஓடிய ஓட்டத்துக்கு, நடுக்கோடையிலும் அத்தனை பேரும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாலையில் தார் இளகிக்கொண்டிருந்தது. அதை ஜன்னல் வழியாகப் பார்த்து, ரொம்ப வெயில் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அங்கே வரைபடக்காரர் என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தார். மழை, வெப்பம், காற்று, காய்ந்த சருகு எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டி, மலையடிவாரத்துத் தெருக்களுக்கு நிறம் கொடுப்பது அவர் வேலை. சிவப்பு என்றால் புகை தெரிந்த உடனே வெளியேற்ற பஸ் வரும். மஞ்சள் என்றால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். பச்சை என்றால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

அந்தப் பிரிவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்த வருடமாவது அளவுக்கு மீறிக் காய்ந்துபோனால், அதற்கு 'விதிவிலக்கான வருடம்' என்று பட்டம் கட்டிக் கணக்கிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஏதோ ஒரு கிறுக்கு வருடத்துக்காகச் சராசரியைக் கெடுக்கலாமா? எப்போதோ ஒன்று வந்தால் நியாயம்தான். இப்போதோ வருகிற வருடமெல்லாம் விதிவிலக்கு. வெயில் ஏற ஏற வருடங்கள் ஒவ்வொன்றாக வெளியே போக, மிச்சமிருந்த பழைய குளுகுளு வருடங்களை வைத்துப் போட்ட வரைபடம் பச்சைப்பசேலென்று மின்னியது. காடு எரிய எரிய ஆபத்து குறைகிற அதிசயத்தை இவர்களைத் தவிர யாரும் சாதித்திருக்க முடியாது.

இந்த வருடம் வரைபடக்காரருடைய சொந்த அக்காவின் தெருவே மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டது. அக்கா வீட்டுக் கொல்லைச் சுவரைத் தாண்டினால் காடு. திரையைப் பார்த்த மனுஷன் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், விதிவிலக்குனு தூக்கின வருஷங்களையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். மலையடிவாரம் முழுக்கச் சிவப்பா வருது."

"அது நம்ம முறை இல்லையேய்யா" என்றார் இயக்குநர்.

"முறையே தப்போன்னு தோணுது சார்."

"முறை எப்படித் தப்பாகும்? அதை வெச்சுத்தானே எது தப்புன்னு நாம கண்டுபிடிக்கிறோம். வருஷம் ஒழுங்கா நடந்துக்கலைன்னா அதுக்கு நாம என்ன பண்றது?"

இதற்கு மேசையைக் குத்தியிருக்கலாம். வெளியே போய் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். நம் ஆள் "சரி சார்" என்றார். அந்த வாய்க்கு வேறென்ன வரும்? பச்சை வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் நிதானமாகச் சாப்பிடவும் செய்தார்.

அக்காவோ பூரித்துப் போனாள். வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, தன் கல்யாணப் படத்தை இறக்கிவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க தம்பி போட்டது" என்று சொல்லி மாய்ந்தாள்.

"எதுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்று அவர் ஃபோனில் இழுத்தபோது, "நீ பொறந்ததுலேர்ந்தே பயந்தாங்கொள்ளிடா" என்று சிரித்தாள். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

காற்று திரும்பிய ஒரு பிற்பகலில் மலை முகட்டில் புகை எழுந்தது. பிரிவே ஜன்னலில் கூடி நின்றது. இயக்குநர் வரைபடத்தைப் பார்த்து, "பச்சைதானே, பஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். வரைபடக்காரர் நைசாக நழுவி, மாடிப்படியில் நின்று அக்காவைக் கூப்பிட்டார். அவருக்கு அந்த நேரத்தில் ஊர் கண்ணில் தெரியவில்லை, அக்கா மட்டும்தான் தெரிந்தாள்.

"அக்கா, ஒண்ணும் கேக்காதே. யார்கிட்டயும் சொல்லாம வீட்டைப் பூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

"எப்படிடா வர்றது? வீடு கொள்ளாம ஆளு. மேல்தெருவுக்கு மஞ்சளாம், பயந்துபோய்க் கீழ ரோட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நான்தான் மறிச்சு, எங்க தெரு பச்சை, இங்க வந்து இருங்கன்னு கூட்டிட்டு வந்தேன். கைக்குழந்தைக்காரி இருக்கா, நடக்க முடியாத பெரியவர் இருக்கார்."

அவர் மாடிப்படி ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தார்.

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். மேப் போட்ட கையாலேயே... சரி, வாயாலேயே சொல்லு. இவங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்."

குழந்தை அழுதது. யாரோ இருமினார்கள். பிறகு எல்லாரும் அடங்கி, அவர் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்த மேப் தப்பு" என்றார். "தப்புன்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். நிக்காதீங்க, உடனே ரோட்டுக்கு இறங்குங்க."

நாற்காலிகள் விழுகிற சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

கீழ்ச்சாலையில் போன மணல் லாரிக்காரர் ஒருவர் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டார். உயிர் ஒன்றும் போகவில்லை. அக்காவின் தெருவில் சுவர்கள் மட்டும் மிஞ்சின.

தப்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூட ஹாலில், சாயங்காலம் வரைபடக்காரர் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். புடவையெல்லாம் கரி. பெரியவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். வரைபடக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். "அக்கா" என்றார். அவள் தம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரியவர்தான் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா இது?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றாள் அக்கா. "ஆபீஸ்லேர்ந்து யாரோ வந்திருக்கார்."