ஆண்டெனாவைக் கிழக்கே திருப்பிய மாலை

மேவிஸ் டிவியில் வரப்போகிறாள் என்பதை ஹார்க்லஃப் பள்ளத்தாக்கில் எல்லோரும் நம்பினார்கள். பார்க்கத்தான் வழியில்லை. ஊருக்குக் கிழக்கே நிற்கும் மேட்டுக்கு அந்தப் பக்கம் டிவியில் யார்க்‌ஷயரின் லீட்ஸ் நிலையப் படம் வரும். இந்தப் பக்கம் லங்காஷயரின் மான்செஸ்டர் படம்தான். யார்க்‌ஷயர் மண்ணில் வரி கட்டிக்கொண்டு லங்காஷயர் செய்தியைப் பார்க்கிற ஊர் அது.

அவள் கலந்துகொண்டதோ லீட்ஸ்காரர்களின் புது விளையாட்டில். சாயங்காலச் செய்தியோடு ஒட்டி வந்தது. எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் கட்டச் சொல்வார்கள். எண்களைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். கெடு அரை நிமிஷம்.

"பிரான்சுல ஆடுறதாம்," என்று மேவிஸ் சொல்லியிருந்தாள். "இங்க எடுபடுமான்னு தெரியல. அதனால நம்ம ஜில்லாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் போட்டுப் பாக்குறாங்க. நல்லா இல்லன்னா மூட்டை கட்டிருவாங்க."

"நீ ஜெயிச்சியா?" என்று அவள் புருஷன் வில்ஃப் கேட்டான்.

"படம் பிடிச்சு முடிச்சாச்சு. டிவியில வர்ற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாங்க. நீயே பாத்துக்க." பிறகு, "நீ பாக்கணும், வில்ஃப். ஊர் பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி. நீ பாக்கணும்," என்றாள்.

அவள் எதையும் இப்படிக் கேட்டதில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு கோட்டுகூடக் கேட்டதில்லை. வில்ஃப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

அவன் முனிசிபாலிட்டிக்குச் சாலை போடும் கூலி. மண்வெட்டியும் தாரும்தான் அவன் படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதே நாற்பத்தெட்டு வயதில், நூலகத்து மாடியில், சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து. இன்றைக்கும் பெரிய சொல்லைப் பார்த்தால் பள்ளத்தைத் தாண்டுகிற மாதிரி ஒரு கணம் நின்றுதான் தாண்டுவான். மேவிஸ் கம்பளி நெசவாலையில் வேலை செய்தாள். நெய்து வந்த கம்பளித் துணியைச் சாய்மேஜையில் விரித்து, முடிச்சையும் விட்டுப்போன இழையையும் விரலால் தேடி, ஊசியால் சரிசெய்கிற வேலை. எழுத்தும் எண்ணும் கைவந்தவர்கள் தேவை என்று செய்தித்தாளில் போட்டிருந்ததை அவள் பார்த்தது, மீன் சுற்றி வந்த தாளில்.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தான், ஆனால் அன்றைக்கு வேலை முடிந்தபோது மேட்டைத் தாண்டுகிற கடைசி பஸ் போய்விட்டிருந்தது. உடம்பு முழுக்கத் தார் வாசனையோடு நேரே தொழிலாளர் கிளப்புக்கு நடந்தான். ஊரிலேயே உயரமான கூரை அது. அதன்மேல் உயரமான கம்பம். மேட்டுக்கு மேல் தலை நீட்டக்கூடிய ஆண்டெனா ஊரில் ஒன்றே ஒன்று என்றால் அதுதான்.

ஆனால் அது மேற்கே பார்த்து நின்றது. அப்படி நிற்கவேண்டும் என்பது கிளப்பின் விதி. கிளப் செயலாளர் ஆம்ப்ரோஸ் ஹோராக்ஸ் லங்காஷயரில் பிறந்தவர். அந்த விதியைத் தேவாலயச் சிலுவை மாதிரி காத்து வந்தார்.

"திருப்பணும்னா கமிட்டி கூடணும்," என்றார், பீர் கோப்பையிலிருந்து மூக்கை எடுக்காமல். "அடுத்த மாசம் கூடுது."

"நிகழ்ச்சி இன்னும் அரை மணி நேரத்துல, ஆம்ப்ரோஸ்."

"அதுக்கு நான் என்ன பண்ண? இன்னிக்குக் கிழக்கே திருப்புவ. நாளைக்கு யார்க்‌ஷயர் கிரிக்கெட்டும் பாக்கணும்ப."

"தோக்கறதைப் பாக்க யாருக்குய்யா ஆசை," என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

பீர் ஊற்றுகிற ஐரீன் துணியைக் கீழே வைத்தாள். "அப்படின்னா அடுத்த மாசம் வரைக்கும் பீரையும் கமிட்டியே ஊத்திக்கட்டும், கண்ணு. எனக்குக் கை வலிக்குது."

ஆம்ப்ரோஸ் தன் கோப்பையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

"நிகழ்ச்சி முடியற வரைக்கும்தான்," என்றார். "முடிஞ்ச மறுநிமிஷம் மேற்கே திரும்பணும்."

வில்ஃப் ஏணி போட்டு ஏறினான். துருப்பிடித்த திருகைச் சுத்தியலால் தட்டித் தளர்த்தி, ஆண்டெனாவைக் கிழக்கு மேட்டை நோக்கித் திருப்பினான். "தெரியுதா?" என்று கத்தினான்.

"புள்ளி புள்ளியா இருக்கு," என்று ஐரீன் ஜன்னலிலிருந்து கத்தினாள்.

இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம் திருப்பினான். "இப்ப?"

"குரல் வருது. பனி பெய்யுற மாதிரி இருக்கு. விளையாட்டு ஆரம்பிச்சாச்சு, சீக்கிரம்."

வில்ஃப் மேட்டைப் பார்த்தான். அதற்கும் அப்பால், லீட்ஸ் படத்தை அனுப்புகிற எம்லி மூர் கோபுரம் நிற்கிறது. முன்பிருந்த இரும்புக் கம்பம் பனிக்கட்டிப் பாரத்தில் சாய்ந்தபின், அந்த இடத்தில் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். அது எழும்பிய வருஷங்களில் அந்தப் பக்கம் சாலை வேலைக்குப் போயிருக்கிறான். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும். மேகம் பாதி உயரத்திலேயே அதைத் தொட்டுவிட்டுப் போகும். மேட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகளின் கூரைகளும் அப்போது ஞாபகம் வந்தன. அங்கே ஆண்டெனாக் குச்சிகள் எல்லாம் படுத்தே கிடக்கும், புல்வாரியைத் தரையில் கிடத்திய மாதிரி. இங்கே, இந்தப் பள்ளத்தாக்கில், எல்லா வீட்டிலும் சீப்புப் பல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். மான்செஸ்டர் படத்தைத் தருகிற உள்ளூர்க் குட்டிக் கோபுரத்துக்கு அப்படித்தான் நிற்கவேண்டும். தினமும் நிமிர்ந்த குச்சியையே பார்த்துப் பழகியவன், திசையை மட்டும் மாற்றிவிட்டுக் குச்சியை நிமிர்ந்தபடியே விட்டிருக்கிறான்.

இரண்டு கையாலும் ஆண்டெனாவைப் பற்றி மெல்லப் படுக்கவைத்தான்.

கீழே ஒரு சத்தம் எழுந்தது. மழை விட்டதும் குருவிகள் எழுப்புமே, அந்த மாதிரி.

"மேவிஸ்," என்று ஐரீன் கத்தினாள். "வில்ஃப், நம்ம மேவிஸ் இருக்கா. தலைமுடியெல்லாம் தெரியுது."

வில்ஃப் கையை எடுத்தான். குச்சிகள் சரிந்து நிமிர்ந்தன. திருகு மரை தேய்ந்துபோயிருந்தது. கீழே ஊரே முனகியது. மறுபடி படுக்கவைத்துப் பிடித்தான். சத்தம் அடங்கியது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பிடித்துக்கொண்டிருந்தால்தான் படம். பிடித்துக்கொண்டிருந்தால் அவன் பார்க்க முடியாது.

மெல்லிய தூறல். கூரைச் சிலேட்டு வழுக்கியது. அங்கிருந்து பார்த்தால் பழுப்பு மேடும், வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகளும்தான். ஒரு சத்தமும் இல்லை. இந்த வெறும் வெளியில்தான் மேவிஸ் வந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபுரத்திலிருந்து புறப்பட்டு, ஆடுகளுக்கு மேலாக, தூறலில் நனையாமல் வந்து, இந்தக் கம்பியில் இறங்கி, தார் படிந்த இந்த இரண்டு கைக்கு நடுவே புகுந்து கீழே போகிறாள். இவ்வளவு பக்கத்தில் அவள் போகிறாள், அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

"ஏழெழுத்துச் சொல் சொன்னா," என்று ஐரீன் ஜன்னலில் தலை நீட்டினாள். "எதிரே ஆடுற ஆளும் ஏழு. அவன் ஹல் ஊர்ல பஸ் ஓட்டுறானாம். உன் பொண்டாட்டி நீலக் கோட்டு போட்டிருக்கா, கண்ணு. எங்க வாங்கினா?"

அவனுக்குத் தெரியாத கோட்டு.

ஏணி கிரீச்சிட்டது. ஆம்ப்ரோஸின் தொப்பி கூரை விளிம்பில் முளைத்தது, பிறகு சிவந்த முகம், பிறகு மூச்சு வாங்குகிற உடம்பு.

"எங்க பிடிக்கணும்?" என்றார்.

"நீங்க ஏன் ஏறினீங்க? வழுக்கும்."

"உள்ள உக்காந்து உன் பொண்டாட்டியை நான் பாக்குறேன். நீ இங்க கொக்கு மாதிரி நிக்குற. பீர் இறங்கலய்யா எனக்கு. கொடு இங்க."

"ஆட்டக் கூடாது."

"போடா. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் கூரை ஏறினவன்."

வில்ஃப் இறங்கிய வேகத்தில் ஏணிப்படி இரண்டு தவறியது.

உள்ளே எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பெட்டியில் மேவிஸ் இருந்தாள். காலையில் கஞ்சி கிண்டிக் கொடுத்த அதே முகம். ஆனாலும் யாரோ ஒருத்தி. ஒரு பெண் பலகையில் ஆறு எண்களை வைத்தாள். 100, 25, 9, 7, 6, 2. ஓர் எந்திரம் இலக்கைக் காட்டியது: 857. பெரிய கடிகாரத்தின் முள் நகர்ந்தது.

"நூறை ஒன்பதால பெருக்கு," என்றார் ஒருவர். "தொள்ளாயிரம். ஆறேழு நாப்பத்திரண்டு. கழி. எண்ணூத்தி அம்பத்தெட்டு. ஒண்ணுதான் கூட, விடு."

வில்ஃப் எண்களைப் பார்க்கவில்லை. மேவிஸ் எழுதவில்லை. கண் எங்கேயோ இருந்தது. மேஜைமேல் வலது கையின் மூன்று விரல்கள் மட்டும் மெல்ல நகர்ந்தன, துணியில் முடிச்சைத் தேடுகிற மாதிரி. போகும், நிற்கும், பின்னால் வரும், மறுபடி போகும். ஓரிடத்தில் நின்றுவிட்டன.

முள் கீழே வந்தது. பஸ் ஓட்டுநர், "858," என்றார். மேவிஸ், "857," என்றாள்.

நூறில் ஆறைக் கழித்தாள், தொண்ணூற்று நாலு. ஒன்பதால் பெருக்கினாள், எண்ணூற்று நாற்பத்தாறு. ஏழை இரண்டால் பெருக்கி, இருபத்தைந்தில் கழித்தாள், பதினொன்று. கூட்டினாள். ஆறு எண்ணில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பீர்க் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. அத்தனை பேரும் அவளை முப்பது வருஷமாக ரொட்டிக்கடையில் பார்க்கிறவர்கள். அந்தத் தலைக்குள் இப்படி ஓர் இடம் இருப்பது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்து எழுந்தவனுக்கே தெரியாது.

கடைசியில் ஓட்டுநர்தான் ஜெயித்தார், ஏதோ ஒரு சொல்லில். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மேவிஸ் அவருக்குக் கைகொடுத்துச் சிரித்தாள். அதோடு படம் அலைந்து, புள்ளியாகி, பனியானது.

"முடிஞ்சுதா?" என்று கூரையிலிருந்து குரல் வந்தது. "மேற்கே திருப்பட்டுமா?"

"திருப்புங்க," என்றான் வில்ஃப்.

வீட்டில் மேவிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தியா?"

"பாதிதான் பாத்தேன். மீதிக்குக் கூரையில நின்னேன்." நடந்ததைச் சொன்னான். ஆம்ப்ரோஸ் ஏறியதைச் சொன்னபோது அவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எந்தப் பாதியைப் பாத்த?"

"எண்ணூத்தி அம்பத்தேழு."

அவள் சிரிப்பு நின்றது. வில்ஃப் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தான். ஒன்றும் சேரவில்லை.

"கணக்குப் போடும்போது உன் விரல் நகருது," என்றான்.

"எது?"

"இந்த மூணும். துணியில தேடுற மாதிரி."

மேவிஸ் தன் ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிழங்கின் மாவுப்பால் படிந்த விரல்கள்.

"எனக்கே தெரியாதே," என்றாள்.

"எனக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியாது," என்றான் வில்ஃப். ஒரு கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். "அந்த நீலக் கோட்டு யாரோடது?"

"ஐரீன் கொடுத்தது. எங்க வாங்கினான்னு தெரியாத மாதிரி கேட்டாளா?"

"கேட்டா," என்றான் அவன்.