நாற்பத்து மூன்று டுரியான் மரங்கள்

ஸ்கூடாயிலிருந்து மெர்சிங் படகுத்துறைக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போவதுதான் என் பிழைப்பு. வருகிறவர்கள் தீவுக்குப் போவார்கள், தோல் சிவந்து திரும்புவார்கள். ஜூடித் மட்டும்தான் ஏறி உட்கார்ந்ததும், "பாலோவில் ஒரு தோட்டம். மரங்களை எண்ண வேண்டும்" என்றார். அறுபத்தெட்டு வயது, மடியில் கனத்த கோப்பு. கிறுக்கு என்று நினைத்தேன். ஆனால் சொன்ன வாடகைக்குப் பேரம் பேசவில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வழியெல்லாம் நான்தான் கேள்வி கேட்டேன். லீட்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டியவரின் மகள். பதினெட்டு வயதில் லண்டன் பத்திரிகை ஒன்றில் பங்கு விலைகளைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தார். அங்கிருந்த ஆண்கள் எல்லாரும் இவரிடம் தேநீர் கேட்டார்களாம். தேநீரையும் கொடுத்து, அவர்கள் மேசையில் கிடந்த கம்பெனி அறிக்கைகளையும் படித்துப் படித்தே நிதிச் செய்தி எழுதக் கற்றுக்கொண்டார். முப்பத்து நான்கு வயதில், ஒரு சேமிப்புக் கம்பெனி போலி என்று எழுதினார். அவர்கள் வழக்குப் போட்டார்கள். தகவல் சொன்ன ஆறு பேரில் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்ல முன்வரவில்லை. வேலை போனது, வீடு போனது, கணவரும் போனார். இரண்டே வருடத்தில் அந்தக் கம்பெனி திவாலானது.

"அப்புறம் எல்லாரும் வந்து ஸாரி சொன்னாங்களா மேடம்?"

"ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் நேரமில்லை. அடுத்த கம்பெனியைப் பற்றி எழுதப் போய்விட்டேன்."

அந்தப் பதிலில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

இப்போது அவர் துரத்துவது ஒரு டுரியான் கம்பெனியை. இங்கிலாந்தில் ஓய்வூதியத்தில் வாழும் நாற்பத்து மூன்று பேருக்கு, பாலோவில் ஆளுக்கொரு டுரியான் மரம் விற்றிருக்கிறார்கள். பழம் விற்ற பணம் வருடா வருடம் வரும் என்று சொன்னார்களாம். ஒரு காசும் வரவில்லை. அத்தாட்சியாக ஆளுக்கொரு மரத்தின் படம், மரத்தடியில் எண் எழுதிய பலகை.

கோப்பிலிருந்த முகவரிக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் பாமாயில் எடுக்கும் செம்பனை. டுரியான் மருந்துக்குக்கூட இல்லை. காவலாளி துரத்தியதும் பாலோ காப்பிக்கடையில் வந்து உட்கார்ந்தோம். ஜூடித் படங்களை மேசையில் பரப்பினார்.

"எல்லா மரத்திலும் இந்த வெள்ளைப் பெயிண்ட் இருக்கிறது. கம்பெனியின் அடையாளமா?"

குனிந்து பார்த்தேன். பெயிண்டாவது ஒன்றாவது! மூன்று விரலால் இழுத்த விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். நாற்பத்து மூன்று படத்திலும் அதே இடத்தில், இடது பக்கம் லேசாகக் கலைந்த அதே பட்டை. மரம் ஒன்றுதான். பலகையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இட்டது யார் என்றும் எனக்குத் தெரிந்துபோனது. என் அண்ணன் ஐயாசாமி புல்வெட்டும் மெஷினைக்கூட விபூதி வைக்காமல் முடுக்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால், "போட்டோ வேலை, ஒரு நாள் வேலைக்கு ஒரு வாரச் சம்பளம்" என்று சிரித்தவர் அவர்தான். அதன் பிறகுதான் அந்த போட்டோ வேலை கொடுத்த முதலாளி அவருக்கு ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலையும் வீடும் கொடுத்தான்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். பெயிண்ட்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அது விபூதி, எல்லாம் ஒரே மரம் என்று சொல்லிவிட்டேன்; அண்ணனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பெயரோடு பேச ஒருவர் வேண்டும், யோகேஸ்வரி" என்றார் ஜூடித். "இல்லாவிட்டால் பத்திரிகை வக்கீல்கள் அச்சுக்கு விடமாட்டார்கள். கிடைக்கும்வரை இங்கேயே இருப்பேன்."

இருப்பார் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வேறு யாரோ வந்து என் அண்ணன் கதவைத் தட்டுவதைவிட நானே தட்டுகிறேன் என்று எழுந்தேன்.

நாங்கள் வீட்டுக்குப் போனபோது அண்ணன் வேலை முடிந்து அப்போதுதான் குளித்திருந்தார்.

"அண்ணே, அந்த போட்டோ வேலையில எத்தனை மரத்தை எடுத்தீங்க?"

"ஒண்ணுதான். பலகையைத்தான் மாத்திக்கிட்டே இருந்தேன். ஃபைலுக்கு வேணும்னாரு பாஸ். ஏன்?"

அப்போதுதான் என் பின்னால் நின்ற ஜூடித்தைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முகம் கறுத்துவிட்டது.

"அலமாக்! உனக்கு மூளை இருக்கா யோகா? இந்த வீடு அவரு குடுத்தது. கேஸ் வந்தா போலீஸ் மொதல்ல என்னைத்தான் இழுக்கும். லோஷினிக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்கு லா!"

லோஷினி அவர் மகள் என்பதையும் சேர்த்து ஜூடித்துக்கு மொழிபெயர்த்தேன். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வேலை போகும். போலீஸும் வரலாம். வராது என்று பொய் சொல்லமாட்டேன். நல்ல வக்கீலைத் தேடித் தருவேன், அவ்வளவுதான் என்னால் முடியும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. வந்த காரியத்தை இப்படியா கெடுப்பார்கள்? இருந்தும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அண்ணன் அவர் பக்கம் திரும்பினார்.

"யாரு மரம் வாங்குனாங்க?"

ஜூடித் ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தார். டோரின், எண்பத்தொரு வயது. 'பதினேழாம் எண் மரம் என்னுடையது. என் கணவர் சாவதற்கு முன் எனக்காக வாங்கியது. அது பூத்துவிட்டதா என்று யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?'

"பதினேழு" என்றார் அண்ணன் மெதுவாக. "காத்துல பலகை விழுந்துருச்சு. ரெண்டு தடவை எடுத்தோம்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தம்மாவுக்கு போன் போடச் சொல்லு."

அங்கே காலை நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஜூடித் விவரம் சொல்லி ஒலிபெருக்கியை அழுத்தினார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன், அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"மேடம், ஐ ஆம் ஐயாசாமி. யுவர் ட்ரீ, நோ. ஒன் ட்ரீ ஒன்லி. எவ்ரிபடி சேம் ட்ரீ. தி போர்டு... மீ."



"நன்றி" என்றார் அந்தம்மா. "பணம் ஏன் வரவில்லை என்று கேட்டால், எனக்குத்தான் எதுவும் புரியவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். என் மகன்கூட. நீங்கள் இதைப் பத்திரிகைக்கும் சொல்வீர்களா?"

அண்ணன் வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "யெஸ், மேடம்."

ஜூடித் குறிப்பேட்டைத் திறந்தார். அண்ணன் தன் பெயரைச் சொன்னார், அப்பா வீரமுத்துவின் பெயரைச் சொன்னார். பிறகு, யாரும் கேட்காமலே, தன் அடையாள அட்டையின் ஐசி நம்பரையும் ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார்.