பூந்தோட்டம் வேண்டாமென்ற விருந்தாளி

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் எங்கள் வீட்டு மேல்மாடி அறைகள் இரண்டையும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விடுகிறோம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம். காலையில் பேராதனைப் பூந்தோட்டம், பிறகு தலதா மாளிகை, பின்னேரம் கண்டி வாவியைச் சுற்றி ஒரு நடை, கிரிக்கெட் பைத்தியமென்றால் பல்லேகல மைதானம். என் புருஷன் றொமேஷ் தன்னுடைய த்ரீவீலில் கூட்டிக்கொண்டு போவார். நான் சமைத்துப் போடுவேன். வந்து பையை இறக்கிய கையோடு "இஞ்ச சந்தை எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்ட ஒரே ஆள் பிலோமினா அன்ரிதான்.

அவர் யாரென்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் "வாங்க அன்ரி, பயணமெல்லாம் எப்படி?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எங்களோடு இருக்கிற, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் தங்கச்சி ஷிரோமிக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை எஸ்ரன், சுவக்கின் என்பவருடைய மகன். சொந்த ஊர் யாழ்ப்பாணம், வேலை பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில். அனுப்பிய படத்தில் கோயில் திருநாளன்று அம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அந்த அம்மாதான், அதே மூக்கோரத்து மச்சத்தோடு, என் வாசலில் நின்றார். சம்பந்தம் பேசினால் இரண்டு பக்கமும் ஓசைப்படாமல் விசாரிப்பது வழக்கம்தான். கடையில் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், கோயிலில் பாதரிடமும் கேட்பார்கள். றொமேஷ்கூடத் தொழிற்சாலை வாசலில் காவற்காரனிடம் நைசாகக் கேட்டுவிட்டு வந்து, "குடி இல்ல, சிகரட் இல்ல, பேச்சும் இல்ல" என்றார். ஆனால் பெண் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கி விசாரிக்கிறதை நான் கேள்விப்பட்டதே இல்லை. என்ன துணிச்சல் பாருங்கள்!

எனக்கு அவரை ஊருக்குள் விடப் பயம். காரணம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் முதலில் எழுத்து, அதாவது பதிவு. பிறகுதான் கோயிலில் தாலி. ஷிரோமிக்கு ஏற்கெனவே ஒருவனோடு எழுத்து முடிந்திருந்தது. அவன் இத்தாலிக்குப் போய், அடுத்த வருஷம் வந்து தாலி கட்டுகிறேன் என்றான். அடுத்த வருஷம் அவனுக்கு அங்கே குடும்பம் இருக்கிறதென்ற செய்திதான் வந்தது. கோர்ட்டுக்கு அலைந்து பதிவை வெட்டினோம். ஒரு நாள்கூட அவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்காதவள், இன்றைக்குக் கடதாசியில் விவாகரத்தானவள்.

எஸ்ரன் வீட்டாருக்கு இது தெரியாது. முதலில் பிள்ளையைப் பார்க்கட்டும், பிடித்துப்போன பிறகு சொல்லலாம் என்பது என் கணக்கு. ஷிரோமிக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "மொதல்ல சொல்லுங்க அக்கா. சொல்லிட்டு வாங்க, அப்புறம் நான் படத்த பார்க்கிறேன்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் படத்தை அவள் தொடவே இல்லை. அதனால் மேல்மாடியில் தங்கியிருப்பது யாரென்று அவளுக்குத் தெரியவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அவள் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம்.

என் ஒரே வேலை, அன்ரியை ஊருக்குள் விடாமல் பார்ப்பது. பூந்தோட்டத்து மரங்களுக்கு எங்கள் கதை தெரியாது. கெலிஓயா கடைக்காரருக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

"பூந்தோட்டத்துக்குப் போங்க அன்ரி. ஓர்க்கிட் மட்டும் எத்தன வகை!"

"உந்தப் பூவைப் பாத்து என்ன செய்யிறது? நான் ஆக்களைப் பாக்கத்தான் வந்தனான்."

"அப்ப கலஹாவுக்கு பஸ்ல போங்க. ரெண்டு பக்கமும் தேயிலதான். குளுகுளுன்னு இருக்கும்."

"தங்கச்சி படிப்பிக்கிறது கலஹாவிலைதானே?"

அவ்வளவுதான், கலஹாவும் போச்சு. கடைசியில் றொமேஷ் ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போய்ப் பூந்தோட்டத்தில் இறக்கினார். போகிற வழியில் அன்ரி மூன்று கடையில் நிறுத்தச் சொன்னாராம். "பிரேக் சரியில்ல, நிறுத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆவாதுன்னு சொல்லி சமாளிச்சேன்" என்றார் என் புருஷன். நல்ல வேளை, அந்த மட்டுக்காவது புத்தி வேலை செய்தது.

வீட்டில் இருந்தாலும் நிம்மதி இல்லை. நான் சமைக்கிற குசினிக்குள் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி. தண்ணீர் கிணறா குழாயா, கொதிக்கவைத்ததா, கறிக்கு உப்பு எவ்வளவு, வீட்டில் யாருக்காவது நோய், வருத்தம் வந்தால் யார் பார்ப்பது, ஷிரோமி ஆஸ்பத்திரி என்றால் பயந்த ஆளா? சுத்தபத்தமும் பொறுமையும் அளக்கிறார் என்று நினைத்து, நானும் தரையைப் பளபளவென்று துடைத்துக்கொண்டே இருந்தேன். ஷிரோமியோ பள்ளிக்கூடத்தால் வந்ததும் அன்ரி பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பிள்ளை வகுப்பில் என்ன குளப்படி செய்தான் என்று கதைகதையாகச் சொல்லிச் சிரிப்பாள். அன்ரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அது இன்னும் பயத்தைக் கூட்டியது.

"இவ்வளவு நல்ல பிள்ளை ஏன் இன்னும் கலியாணம் கட்டேல்லை?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"படிப்பு படிப்புன்னே இருந்துட்டா அன்ரி" என்றேன்.

சந்தை நாள் வந்தது. நான் எழும்பி வரும்போதே அன்ரி பையும் கையுமாக வாசலில் நின்றார். இனித் தடுத்தால் சந்தேகம் வரும். நானும் கூடவே போனேன்.

சந்தையில் அன்ரிக்கு எல்லாமே அதிசயம். கித்துள் மரத்துக் கருப்பட்டியை மோந்து பார்த்தார். பலாக்கொட்டையைக் கையில் உருட்டினார். ஒரு சிங்களக் கிழவியிடம் தமிழிலேயே பேசி ஏதோ கீரையை வாங்கிவிட்டார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று பார்த்தபடி நடந்தேன். கலஹா தோட்டத்திலிருந்து மரக்கறி கொண்டுவரும் பாப்பம்மாவின் கண்ணுக்குத் தப்ப முடியுமா?

"அடியே கிறேஸு! கண்டும் காணாத மாதிரி போற? தங்கச்சிக்கு ஏதாச்சும் தோது வந்திச்சா?"

"அப்புறம் பேசுறேன் பாப்பம்மா."

"அந்த இத்தாலிக்காரன் நாசமா போவ! தங்கம் மாதிரி புள்ளைய எழுத்த முடிச்சு நட்டாத்துல விட்டுட்டு போனானே!"

அன்ரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கருவாட்டுக் கடைப் பக்கம் போனேன். அவர் நின்றுவிட்டார்.

"ஆர் பிள்ளை அந்த இத்தாலிக்காரன்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பயத்திலும் கோபம்தான் வரும். "போதும் அன்ரி! நீங்க எஸ்ரனோட அம்மான்னு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்த மாதிரி வந்து எங்கள வேவு பார்க்கிறீங்க. கேளுங்க, நானே சொல்றேன்!" என்று கத்தினேன். கருவாடு வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்து, இத்தாலி, கோர்ட்டு என்று ஒன்று விடாமல் கொட்டினேன். "எந் தங்கச்சி ஒரு தப்பும் பண்ணல. மறைச்சது நான். வேணாம்னா இப்பவே சொல்லிட்டு போங்க" என்று முடித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அன்ரி பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"நான் வேவு பாக்க வரேல்லை பிள்ளை. சொல்ல வந்தனான். வந்த நாள் தொட்டு வாய் வருகுதில்லை."

"என்னத்த அன்ரி?"

"என்ர ரெண்டு கிட்னியும் பழுதாப் போச்சு. எஸ்ரன்தான் தன்ர ஒண்டைத் தந்தவன். அவனுக்கு இப்ப ஒண்டுதான். ஒப்பரேஷன் செய்த பெடியனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்? ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நான்தான் அவனட்டைச் சத்தியம் வாங்கினனான். பிறகு என்ர மனச்சாட்சி விடேல்லை. பொம்பிளை வீட்டாரோட இருந்து பாப்பம், இவையளுக்குச் சொல்லலாமோ எண்டு வந்தனான். நான் இஞ்ச வந்தது அவனுக்கும் தெரியாது."

தண்ணீரும் உப்பும் ஆஸ்பத்திரியும் ஏன் கேட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் ஒரு மடச்சி, தரையைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு பேரும் அந்தக் கருவாட்டு நாற்றத்துக்குள் ஆளுக்காள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது ஷிரோமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அன்ரி யாரென்று நான் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "நம்ம விஷயத்த சொல்லிட்டீங்களா?"

"சந்தை முழுக்கக் கேட்க சொல்லிட்டேன்."

"அப்பாடா" என்றாள்.

பிறகு அன்ரி தன் பங்கைச் சொன்னார். சொல்லும்போது ஷிரோமியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கீரைப் பையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ வேண்டாமெண்டாலும் நான் கோவிக்க மாட்டன் பிள்ளை. உன்ர சீவியம்" என்று முடித்தார். ஒற்றைக் கிட்னிக்காரனுக்கு என் தங்கச்சியைக் கொடுப்பேனா என்று என் மனசும் ஒரு பக்கம் கணக்குப் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, போடத்தான் செய்தது.

ஷிரோமி கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு அன்ரி பக்கத்தில் வந்தாள்.

"ஒப்பரேஷன் முடிஞ்சு அவர யாரு அன்ரி பார்த்துக்கிட்டா?"

அன்ரி நிமிர்ந்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போல. "ஒருத்தரும் இல்லை பிள்ளை. நான் வேற வாட்டிலை கிடந்தன். அவன்ர அப்பா எப்பவோ செத்துப்போனார், வேற ஆர் இருக்கினம்? பக்கத்துக் கட்டில்காரன்ர மனுசிதான் கஞ்சி குடுத்தவவாம். வீட்டை வந்தும் தானே சமைச்சு, எனக்கும் தந்தவன்."

"அவரோட நம்பர குடுங்க."

"என்ன சொல்லப் போறாய் பிள்ளை?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கப் போறேன்" என்றாள் ஷிரோமி.